முழங்கால் அளவுத் தண்ணீர்

சுங்கை பூலோவில் பறவை பார்க்கிறேன் என்று சொன்னால், “சிங்கப்பூருக்கா போய் வருகிறீர்கள்?” என்றுதான் பலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில் சுங்கை பூலோ என்ற பெயரில் புகழ்பெற்ற சதுப்புநிலக் காப்பகம் ஒன்று உண்டு. இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். நான் சொல்வது நம் சிலாங்கூர் சுங்கை பூலோ. எம்ஆர்டி நிலையமும் பெரிய மருத்துவமனையும் செடி நர்சரிகளும் உள்ள ஊர். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: மூங்கில் ஆறு.

எங்கள் தாமானின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மழைநீர் வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டினால் பள்ளமான நிலம். வருடத்தில் பாதி நாள் அதில் தண்ணீர் நிற்கும். மீதி நாளில் சேறும் கோரைப்புல்லும். வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது. அப்பா அதை ‘பாயா’ என்பார். மலாயில் பாயா என்றால் சதுப்பு. பக்கத்திலேயே பாயா ஜாராஸ் என்ற ஊர் இருக்கிறது. வீடுகளும் கடைகளும் வருவதற்கு முன் இந்த மண் எப்படி இருந்தது என்பதை அந்தப் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, எங்கள் மாடி அறைச் சன்னலுக்கு அந்தப் பள்ளம் மட்டுமே காட்சி. கோவிட் நோயாளிகளுக்கான முதன்மை மருத்துவமனை எங்கள் ஊரில் இருந்ததால் ஆம்புலன்ஸ் சத்தம் இரவு பகலாகக் கேட்கும். அதற்கு நடுவே அப்பா தினமும் காலையில் சன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காருவார். கண்புரையால் பார்வை மங்கியிருந்தது. காது மட்டும் கூர்மை. “அது செம்போத்து. அது மீன்கொத்தி. இப்போ கத்துச்சே, அது ருவாக் ருவாக்” என்று அவர் சொல்லச் சொல்ல, ஒன்பது வயது மகள் பழைய கணக்கு நோட்டில் எழுதத் தொடங்கினாள். தாத்தா காதால் பிடிப்பார்; பேத்தி கண்ணால் தேடுவாள். இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனவருக்குப் பறவைச் சத்தம்தான் கடிகாரம். தோட்டத்தை விட்டு வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் கடிகாரம் நிற்கவில்லை.

ஆழமில்லாத தண்ணீரின் கணக்கு

ஒரு பள்ளத்துத் தண்ணீருக்கு ஏன் இத்தனை பறவைகள் வருகின்றன? தண்ணீர் முழங்கால் அளவுக்குள் இருந்தால் வெயில் அடிமண் வரை இறங்கும். பாசி பிடிக்கும், நீர்ச்செடி வளரும். அதைத் தின்னப் புழு, பூச்சி, நத்தை, மீன்குஞ்சு வரும். அவற்றைத் தின்னப் பறவை வரும். எந்தப் பறவை எங்கே நிற்பது என்பதைக் காலின் நீளமும் அலகின் நீளமும் முடிவு செய்கின்றன. உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டே ஈரச் சேற்றில் ஓடும். மடையான் கரையோரம் விரற்கடை ஆழத்தில் கழுத்தை உள்ளிழுத்து அசையாமல் நிற்கும். சின்னக் கொக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே. செந்நாரை அதற்கும் உள்ளே, கோரைக்கு நடுவில். பந்தியில் அவரவர் இலையில் அவரவர் உட்காருவது போலத்தான். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் போதும், சேற்றில் இருந்த பந்தி எழுந்து போய்விடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, ஈயம் தோண்டிய குழிகள். ஈயக் குட்டையின் கரை சரேலென்று இறங்கும். நடுவில் ஆழம் அதிகம். நடந்து இரை தேடும் பறவைக்கு அங்கே கால் ஊன்ற இடமில்லை. நமக்கு அது படம் எடுத்துக்கொள்ள ஏற்ற நீலத் தண்ணீர்; கொக்குக்கு அது பூட்டிய கடை. டிங்கிலில் உள்ள பாயா இண்டா போல, பழைய குட்டைகளைச் சீர்படுத்திச் செடிகொடி படரவிட்ட இடங்கள் விதிவிலக்கு. இயற்கையாகவே அமைந்த ஆழமற்ற ஏரி தீபகற்பத்தில் அரிது. பகாங்கின் தாசேக் பெராவும் தாசேக் சினியும்தான் உடனே நினைவுக்கு வருகின்றன. அவற்றில் தாசேக் பெரா, ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் மலேசியாவின் முதல் ஈரநிலமாக 1994இல் இடம்பெற்றது. சிலாங்கூரில் நமக்கு வாய்த்தவை வெள்ளத் தடுப்புக் குளங்களும், நெல்வயல்களும், எங்கள் பாயா போன்ற பள்ளங்களும்தான்.

நான்கு பருவம் இல்லாத ஊரில்

“இங்கே வெயில், விட்டால் மழை. இதில் பருவம் ஏது?” என்று நண்பர்கள் கேட்பார்கள். பறவை பார்ப்பவருக்கு இந்த ஊரின் ஆண்டு செப்டம்பரை ஒட்டிப் பிறக்கிறது. சில ஆண்டுகளில் புகைமூட்டம் வானத்தை மூடியிருக்கும். அந்த மங்கலிலும் வடக்கிலிருந்து முதல் உள்ளான் வந்து இறங்கிவிடும். பின்னாலேயே தகைவிலான்கள் வந்து மின்கம்பியில் வரிசை கட்டும். அடுத்து பழுப்புக் கீச்சான். சைபீரியா, சீனா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வந்து, நம் வேலிக் கம்பியில் சொந்தக்காரன் போல உட்கார்ந்து கத்தும். தகைவிலானைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பெந்தோங் போன்ற ஊர்களில் பொழுது சாயும் நேரத்தில் கடைத்தெருக் கம்பிகளில் ஆயிரக்கணக்கில் அடையும். கீழே கார் நிறுத்தியவர்களுக்கு அவற்றை மறக்க முடியாது.

தீபாவளியை ஒட்டி மாலைதோறும் இடிமழை. பாயா நிரம்பிவிடும். சேற்றுப் பறவைகள் வாய்க்கால் ஓரத்துக்கு ஒதுங்கிக்கொள்ள, சீழ்க்கைச் சிறகிகள் வரும். இவை சின்ன வாத்துகள். இரவில் கூரைக்கு மேல் விசில் அடித்துக்கொண்டு பறக்கும். டிசம்பரில் கிழக்குக்கரை மாநிலங்கள் வெள்ளத்தில் தவிக்கும்போது, தித்திவங்சா மலைத்தொடர் நம் பக்கத்துக்கு ஓரளவு அரணாக நிற்கிறது. தைப்பொங்கல் வரும்போது எங்கள் பள்ளத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கி, கரையில் சேறு தலைகாட்டும். வருடத்தில் அதிகப் பறவைகள் தெரியும் நாள்கள் அவை.

மார்ச் மாதம் மடையானுக்கு உரியது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை எல்லா மடையானும் ஒரே மாதிரிதான், பழுப்புக் கோடு போட்ட அழுக்குச் சட்டை. ஆனால் நம் பகுதிக்கு வருபவை ஓர் இனம் அல்ல. சீன மடையானும் உண்டு, ஜாவா மடையானும் உண்டு. தமிழ்நாட்டு வயல்களில் நிற்பது மூன்றாவது சொந்தக்காரன். குளிர்கால உடையில் சீனத்தையும் ஜாவாவையும் பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம். மார்ச்சில் உடை மாறும். சீன மடையானின் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாகும். ஜாவா மடையானுக்குத் தலை பொன்னிறமாகும். அட, நீயா என்று நாம் அடையாளம் கண்டுகொள்ளும் நேரத்தில் அவை கிளம்பிவிடும். ஏப்ரல் முடிவதற்குள் கரை காலி.

அப்படி ஒரு மார்ச்சில்தான் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தது. இரண்டாம் வாரம் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நிற்கும்போது மண் நிறமாகத் தெரியும் மடையான், பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. மகள் கைதட்டியதில் ஒன்று எழுந்து பறந்தது. “இவ்வளவு வெள்ளையா இருக்கும்னு மறந்தே போச்சு” என்றார் அப்பா. அன்று வேறு எதையும் பார்க்காமல் அதையே தேடிக்கொண்டிருந்தார்.

அதே மார்ச்சில் போர்ட்டிக்சனுக்கு அப்பால் தஞ்சோங் துவான் முனைக்குப் போனால் வேறொரு காட்சி. சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து தேன் பருந்துகள் வடக்கு நோக்கித் திரும்பும். தரை சூடாகி எழும் காற்றில் மிதந்து போகும் பறவை அது. கடல் மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் நீரிணை ஒடுங்கும் இடமாகப் பார்த்து, சுமார் 38 கிலோமீட்டரைச் சிறகடித்தே கடந்து, களைத்துப் போய்த் தாழப் பறந்து கரையேறும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சியை நடத்தி வருகிறது.

மே முதல் ஆகஸ்ட் வரை விருந்தாளிகள் இல்லாத வீடு. அப்போதுதான் வீட்டுக்காரர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ருவாக் ருவாக் தன் கரிக்கட்டை போன்ற குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு வாய்க்காலைக் கடக்கும். ஜூன், ஜூலையில் மழை குறைந்து தண்ணீர் ஒரு மூலையில் சுருங்கும்போது, மீன்களும் அங்கேயே ஒடுங்கும். செந்நாரைக்கு அது கல்யாணச் சாப்பாடு.

பெயரில் இருக்கும் பயணம்

மகளின் நோட்டில் மூன்று பத்திகள்: தமிழ், மலாய், ஆங்கிலம். மீன்கொத்திக்கு மலாயில் ‘ராஜா ஊடாங்’, அதாவது இறால் ராஜா. நாம் மீனைக் கொடுத்தோம், அவர்கள் இறாலோடு பட்டமும் கட்டினார்கள் என்று சிரிப்பாள். ருவாக் ருவாக்குக்குத் தோட்டத்தில் யாரும் தமிழ்ப் பெயர் சொல்லி அவள் தாத்தா கேட்டதில்லை. ஆனால் தமிழில் அதற்குக் கம்புள் என்ற மிகப் பழைய பெயர் இருக்கிறது. கத்தும் சத்தத்தையே பெயராக வைத்த மலாய்ச் சொல் தோட்டத்தில் நிலைத்துவிட்டது. இரண்டையும் அவள் எழுதிக்கொண்டாள்.

காகத்தின் கதை அவளை அதிகம் கவர்ந்தது. கிள்ளானில் இன்று கூட்டம் கூட்டமாகக் கரையும் வீட்டுக் காகம் இந்த மண்ணின் பறவை அல்ல. 1890களில், காப்பித் தோட்டங்களைத் தின்ற கம்பளிப்புழுக்களை ஒழிப்பதற்காக சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டது. காப்பி போய் ரப்பர் வந்தது, காகம் தங்கிவிட்டது. அதன் கூட்டில் முட்டையிடக் குயிலுக்கும் வசதியாயிற்று. “அப்போ காகமும் நம்மள மாதிரி தோட்ட வேலைக்கு வந்ததா?” என்று கேட்டாள். “பிரட்டுக்குத்தான் போகலை” என்றார் தாத்தா.

ஒருமுறை ஷா ஆலாம் ஏரியில் மஞ்சள் அலகும் இளஞ்சிவப்பு இறகும் கொண்ட பெரிய நாரை ஒன்றைப் பார்த்துவிட்டு, “தமிழ்ப் பள்ளியில் படித்த செங்கால் நாரை இதுதானா?” என்று கேட்டாள். இல்லை. செங்கால் நாரை மலாயாவுக்கு வருவதில்லை. அவள் கண்டது மஞ்சள்மூக்கு நாரை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் அதே இனம். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் திரிபவை அங்கிருந்து பறந்து வந்தவை அல்ல. 1963இல் திறக்கப்பட்ட தேசிய மிருகக்காட்சிச் சாலையில் சுதந்திரமாகப் பறக்க விடப்பட்டவற்றின் வழிவந்தவை. பறவையைப் பார்க்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேறு பதில் கிடைக்கிறது.

கோலசிலாங்கூர் சனிக்கிழமை

மாதம் ஒருமுறை 54ஆம் எண் கூட்டரசு சாலையில் மேற்கே போவோம். ஈஜோக்கில் பசியாறிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் இருக்க வேண்டும். புக்கிட் மலாவத்திக் குன்றின் அடிவாரத்தில் 1987இல் உருவான பூங்கா அது. மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சி. கடல்நீரைத் தடுக்கும் வரப்புக்கு உள்ளே உவர்நீர் ஏரி, வெளியே கண்டல் காடு, அதற்கும் அப்பால் சேற்றுவெளி. ஏரி ஆழமில்லாதது, மதகைத் திறந்து மூடி அதன் நீர்மட்டத்தைச் சரிசெய்ய முடியும். கடல் ஏறும் நேரத்தில் சேற்றுவெளி மூழ்கிவிடுவதால் கரைப்பறவைகள் கால் ஊன்ற வேறு இடம் தேடும். அந்த நேரம் பார்த்துப் போக வேண்டும். அலை அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பினால் குரங்குகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அந்தச் சேற்றில் நிற்கும் பறவைகள் பெரும்பாலும் வழிப்போக்கர்கள். ரஷ்யாவின் வடகோடியிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் கிழக்காசிய - ஆஸ்திரேலேசிய வலசைப் பாதையில் நம் கடற்கரையும் ஒரு நிறுத்தம். 5 கோடிக்கும் அதிகமான நீர்ப்பறவைகள் இந்தப் பாதையை நம்பி இருக்கின்றன. 2022இல் பட்டைவால் மூக்கான் இனத்தைச் சேர்ந்த, பிறந்து சில மாதங்களே ஆன ஒரு பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. எல்லாப் பறவைக்கும் அந்த வலிமை இல்லை. மற்றவை இறங்கித் தின்று, இளைப்பாறித்தான் போக வேண்டும். நடுவழியில் ஒரு கடை மூடியிருந்தால் அடுத்த கடை வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

எண்ணி என்ன ஆகப்போகிறது?

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987இல் தொடங்கியது. மலேசியாவில் 1940இல் பிறந்த இயற்கைச் சங்கம் அதை ஒருங்கிணைக்கிறது. எண்ணுபவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலச் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். சனிக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கொக்கை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று என் அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சிங்கப்பூர் சுங்கை பூலோவே சாட்சி. அங்கே இருந்தவை கைவிடப்பட்ட இறால் குட்டைகள். 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் சிலர் அங்கே பறவைகள் குவிவதைக் கண்டார்கள்; காப்பாற்ற வேண்டிய இடம் என்று அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். 1989இல் இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டு, 1993 டிசம்பர் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புள்ள காப்பகமானது. நிலப் பஞ்சம் அதிகமுள்ள நாட்டில் இது நடந்தது.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பரந்து கிடந்த சுங்கை பூலோ வன ஒதுக்கீட்டின் மிச்சம்தான் இன்றைய கோத்தா டாமன்சாரா சமூக வனப்பூங்கா. குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 2010இல் சுமார் 320 ஹெக்டேர் நிரந்தர வனமாக அரசிதழில் ஏறியது.

இவற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. கடந்த ஆண்டு எங்கள் பாயாவின் ஓரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை முளைத்தது. கடைவீடுகளும் அடுக்குமாடியும் வரப் போகின்றனவாம். எனக்குக் கோபமாக எழுதத் தோன்றவில்லை. நாங்கள் குடியிருக்கும் தாமானும் ஒரு நாள் பால்மரக் காடாக இருந்ததுதான். வாடகை வீட்டில் இருக்கும் இளம் குடும்பங்களுக்கு வீடு வேண்டும். ஆனால் 2021 டிசம்பரில் சிலாங்கூர் மூழ்கியதைப் பார்த்த யாரும், மழைநீரைப் பிடித்து வைக்கும் ஒரு பள்ளத்தை வெறும் பாழ்நிலம் என்று சொல்ல முடியாது. பள்ளத்தை மேடாக்கினால் தண்ணீர் எங்கள் வாசலைத்தான் தேடி வரும். முழுவதையும் மூடாமல் ஒரு பகுதியையாவது ஆழமில்லாத வெள்ளத் தடுப்புக் குளமாக விடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. கரையைக் கான்கிரீட்டால் கட்டாமல் சரிவாக விட்டால் பறவைக்கும் போதும்.

உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வரும்போது கருத்துச் சொல்லவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் நமக்கு இடம் தருகிறது. தாமான்வாசிகள் கையெழுத்திட்ட கடிதத்தோடு மகளின் நோட்டுகளின் நகலையும் இணைத்துக் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, தேதி எல்லாம் இருக்கிறதே என்றார். இந்தப் பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று தேதியோடு எழுதி வைத்தவர்கள் வேறு யாரும் இல்லை. முடிவு இன்னும் வரவில்லை. பலகை அப்படியே நிற்கிறது. அதன் உச்சியில் பழுப்புக் கீச்சான் உட்காருகிறது.

இந்த ஜனவரியில் மூவரும் எண்ணப் போனோம். மகளுக்கு இப்போது உயரம் என் தோள் வரை. எழுத்து முன்பைவிடச் சிறியதாகிவிட்டது. மடையான்களை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தாள். உள்ளான் ஒரு கை விரல்களுக்குள் அடங்கியது. சீழ்க்கைச் சிறகியைக் காணோம். வெகுநேரம் காத்திருந்துவிட்டு, “தாத்தா, சிறகி கோசோங்” என்றாள். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பேனாவை நகர்த்தினாள்.

“விட்டுடாதே, கோசோங்னே எழுது” என்றார் அப்பா. “வரலைன்னு எழுதினாத்தான், நாம பார்த்தோம்னு தெரியும்.”

வட்டமாக ஒரு சைபர் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் குறித்தாள்: காலை 8.40.